கோவளம் வீடு: போர்ட்டிகோ ஸ்லாப் பெயர்ந்து விழுந்ததுலேர்ந்து உறைகிணறு வரைக்கும்

2023 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை காலைல ஏழு மணி இருக்கும். சென்னைக்குப் பக்கத்துல இருக்கற எங்க கோவளம் வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன், மதியம் ரெண்டு மணிக்கு ஒரு குடும்பம் வரணும், ரெண்டு சின்ன பசங்களோட. உள்ள பெட்ஷீட் மாத்திக்கிட்டு இருக்கேன், வெளிய தடால்னு ஒரு சத்தம். தேங்காதான் விழுந்துருக்கும்னு போய்ப் பாத்தா போர்ட்டிகோ சீலிங்லேர்ந்து தாம்பாளம் அளவுக்கு கான்கிரீட் பெயர்ந்து ஊஞ்சல் மேல விழுந்து கெடக்கு. கிச்சன் தராசுல வெச்சுப் பாத்தேன், நாலரை கிலோ. இந்த வீட்டுக்கு வர்ற எந்தக் குழந்தையும் பைய கீழ வெச்ச உடனே ஓடிப் போய் உக்கார்ற எடம் அந்த ஊஞ்சல்தான். எனக்கு கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு போன் பண்ணி உள்ளத உள்ளபடி சொல்லி, அட்வான்ச திருப்பி அனுப்பிட்டு, பக்கத்துத் தெருவுல தெரிஞ்சவங்க வீட்ட ஏற்பாடு பண்ணிக் குடுத்தேன். அன்னைக்கு பூட்டினது, ஆகஸ்ட் வரைக்கும் வாடகைக்கு விடல.

அந்த நாலு மாசத்துல என்னென்ன பண்ணோம், எது சரியா வந்துது, எதுல காசு வீணாச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன், அதத்தான் இங்க விரிவா எழுதறேன். கடலோரமா வீடு வாங்கி வாரக்கடைசிக்கு விடலாம்னு நெறைய பேரு இப்ப யோசிக்கறாங்க, அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

வீடு அப்பா வாங்கினது. 2006ல யாரோ கட்டினத 2009ல ரிட்டயர்மென்ட் பணத்துல வாங்கினாரு, கடலேர்ந்து நடந்தா நாலு நிமிஷம். அப்ப எங்க தெருவுல மூணு வீடுதான், மிச்சமெல்லாம் சவுக்குத்தோப்பு. அப்புறம் 2013ல இங்க சர்ஃபிங் திருவிழா ஆரம்பிச்சாங்க, மீனவப் பசங்க போர்டு எடுத்துக்கிட்டு அலைமேல போறதப் பாக்கவே சென்னைலேர்ந்து கூட்டம் வந்துது, 2021ல நம்ம கோவளம் பீச்சுக்கு, சுத்தமான பீச்சுக்குன்னு உலக அளவுல தர்ற புளூ ஃப்ளாக் சர்டிஃபிகேட் கெடைச்சுது. இப்ப அதே தெருவுல பதினாலு வீடு, ரெண்டுல நீச்சல் குளம் இருக்கு. ஊரு வளர்றத நான் குத்தம் சொல்லல, அந்த வளர்ச்சிலதான் எனக்கும் வாடகை வருது. ஆனா அந்த பதினாலு வீடும் ஒரே மணலுக்கு அடியிலேர்ந்துதான் தண்ணி எடுக்குது. இந்தக் கதை சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

நான் வாடகைக்கு விட ஆரம்பிச்சது 2017ல, அப்பா போனதுக்கு அப்புறம். அப்பா இருந்த வரைக்கும் பின்பக்கம் இருந்த உறைகிணறுதான், பதினெட்டு அடி, அதுல ஒரு அரை ஹெச்பி மோட்டார். ஆறு பேரு, எட்டு பேரு வந்து தங்கினா பத்தாதுன்னு சொல்லி, போர் போடற ஆளு பேச்சக் கேட்டு 110 அடில ஒரு போர் போட்டேன். கிணத்து மேல சிலாப்பு போட்டு மூடி அதுமேல செம்பருத்தித் தொட்டி வெச்சேன். தண்ணி கொட்டுச்சு. மொத வருஷம் வாயில வெச்சா லேசா கரிப்பு. ரெண்டாம் வருஷம் ஷவர்ல வெள்ள வெள்ளயா பூத்துது, வந்தவங்க தலைமுடி பிசுபிசுன்னு இருக்குன்னு சொன்னாங்க, கீஸர் காயில் ரெண்டு தடவ மாத்தினேன். கடலோரம்னா அப்படித்தான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படியே விட்டுட்டேன்.

இப்ப ஸ்லாப்புக்கு வரேன்.

அது மொத தடவ இல்ல. 2021 ஜூன்லயே அதே போர்ட்டிகோ சீலிங்ல நீட்டமா ஒரு விரிசல் வந்து, பழுப்பா கறை இறங்கி, ஒரு ஓரம் உப்பி நின்னுது. ஒரு கான்ட்ராக்டர் வந்து ரெண்டே நாள்ல உப்பினத தட்டி விட்டு, சிமெண்ட் மணல் கலந்து பூசி, வெள்ளையடிச்சு, பதினெட்டாயிரம் வாங்கிட்டுப் போனாரு. பாக்க பளிச்சுனு இருந்துது. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையக் கடந்துச்சு, எங்களுக்குக் கொஞ்சம் தெற்க தான், ராத்திரி பூரா கடல் தண்ணி மழ மாதிரி வீட்டு மேல அடிச்சுது. அதுக்கப்புறம் நாலே மாசம், பூசினது மொத்தமும் பழைய கான்கிரீட்டயும் சேத்து இழுத்துக்கிட்டு விழுந்துது.

அப்பாவோட கூட வேல பாத்த சிவில் இன்ஜினியர் மாமா ஒருத்தர் இருக்காரு, எழுபது வயசு. வரச் சொன்னேன். வந்தவரு ஏணி மேல ஏறி ஒரு சின்ன சுத்தியலால சீலிங் பூரா தட்டிக்கிட்டே போனாரு. நல்ல எடத்துல "டிங்"னு கெட்டியா கேக்கும், உள்ள விட்டுப் போன எடத்துல "டொக்கு டொக்கு"னு வெத்துப் பானைய தட்டின மாதிரி கேக்கும். டொக்குனு கேட்ட எடமெல்லாம் சாக்பீஸால கோடு போட்டாரு. விழுந்தது ஒரு சதுர அடிதான், ஆனா கோடு போட்டு முடிச்சப்ப 120 சதுர அடி சீலிங்ல 38 சதுர அடி வந்துது. இந்த சுத்தியல் தட்டறது பைசா செலவில்லாத டெஸ்ட்டு, கடலோர வீடு வெச்சிருக்கற ஒவ்வொருத்தரும் வருஷம் ஒரு தடவ, மழக்காலம் முடிஞ்ச உடனே பண்ணணும்.

அவரு சொன்னது இதுதான். கான்கிரீட் நல்ல காரத்தன்மை உள்ளது, அதுக்குள்ள இருக்கற வரைக்கும் கம்பி மேல ஒரு மெல்லிசு படலம் உருவாகி துரு புடிக்காம காப்பாத்தும். உப்புல இருக்கற குளோரைடு பூச்சு வழியா ஊறி உள்ள போய் அந்தப் படலத்த ஒடைக்குது. ஒடைஞ்சா துரு. துரு ஆன இரும்பு முன்ன இருந்தத விட ரெண்டு மடங்குலேர்ந்து ஆறு மடங்கு வரைக்கும் எடம் கேக்கும், எடம் இல்லன்னா கான்கிரீட்ட வெடிக்க வெச்சு எடம் எடுத்துக்கும். கம்பிக்கு கீழ எவ்ளோ கனத்துக்கு கான்கிரீட் இருக்குங்கறதுதான் கவர். கடலோரத்துல வெளிய காத்து படற கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456ங்கற கோடு புக்கு, அதாவது கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிப் புத்தகம், சொல்றது 45 எம்எம். எங்க வீட்டுல ஒடஞ்ச எடத்துல ஸ்கேல் வெச்சு அளந்தோம், 12 எம்எம். சென்டரிங் பலகை மேல கவர் பிளாக் வெக்காம கம்பிய அப்படியே படுக்க வெச்சு கான்கிரீட் போட்டிருக்காங்க.

அப்புறம் அவரு கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் காதுல கேக்குது. "2021ல பூசினாங்களே, எந்தத் தண்ணில கலக்கினாங்கம்மா?"

போர் தண்ணிலதான். தோட்டத்து ஹோஸ அவங்களே இழுத்து டிரம்முல புடிச்சாங்க, நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

மறுநாள் டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன், தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டறது. போர் தண்ணி 4,200. சரி ஒழுங்கா பாத்துருவோம்னு லேப்ல குடுத்து குளோரைடு மட்டும் பாக்கச் சொன்னா லிட்டருக்கு 1,900 மில்லிகிராம்னு வந்துது. கம்பி போட்ட கான்கிரீட் கலக்கற தண்ணில அதே கோடு புக்கு ஒத்துக்கறது 500 தான். கடல் காத்து பத்து பதினஞ்சு வருஷமா வெளியேர்ந்து உள்ள தள்ளின உப்ப, நான் ஒரே நாள்ல நேரா கம்பி மேல பூசி விட்டுருக்கேன்.

பக்கத்து வீட்டுல ஒரு ஆயா இருக்காங்க, மீனவக் குடும்பம், நான் வர்ற விருந்தாளிங்களுக்கு சாப்பாடு சொல்றது அவங்க மருமக கிட்டதான். சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து எல்லாத்தயும் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "உன் போரு தண்ணில பருப்பே வேவாது கண்ணு. பருப்பு வேவாத தண்ணில வூட்ட கட்டலாமா? உங்கப்பாரு கெணத்த இன்னாத்துக்கு மூடின?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல. சாயங்காலமே செம்பருத்தித் தொட்டிய நகத்தினேன்.

அதனால வேலைய கிணத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சோம், ஸ்லாப்ப அப்புறம்தான் தொட்டோம். கிணத்து மூடிய தூக்கினதும் உடனே யாரையும் எறக்கல, ரெண்டு நாள் தொறந்து காத்தாட விட்டு, எறங்கற அன்னைக்கு அரிக்கன் விளக்க கயித்துல கட்டி அடி வரைக்கும் விட்டு அணையாம எரியுதான்னு பாத்துட்டுதான் ஆள் எறங்கினாரு, இடுப்புல கயிறு, மேல ரெண்டு பேரு. ஆறு வருஷத்து எல சருகு, சேறு, ஒரு பிளாஸ்டிக் குடம், எல்லாம் வந்துது. தூர் எடுக்க ஒன்றரை நாள். கீழேர்ந்து நாலாவது உறைல ஒரு வெடிப்பு இருந்துது, அத அடைச்சோம். அடில கூழாங்கல்லும் மேல கரு ஜல்லியும் அரை அடிக்குப் போட்டு, ப்ளீச்சிங் பவுடர் கலக்கி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் மொத்தமா எறைச்சோம். ஊறி வந்த தண்ணிய மீட்டர்ல பாத்தா 690. லேப்ல குளோரைடு 170. 110 அடில 1,900, பதினஞ்சு இருபது அடி தள்ளி அதே மணல்ல 18 அடில 170.

எனக்கு அது நம்பவே முடியல, மாமாதான் படம் போட்டுக் காட்டினாரு. கடலோர மணலுக்கு அடியில மழத்தண்ணியும் கடல் தண்ணியும் பக்கத்துல பக்கத்துல இருக்கறது இல்ல, மேலயும் கீழயும் இருக்கு. நல்ல தண்ணி லேசு, கடல் தண்ணி கொஞ்சம் கனம், அதனால நல்ல தண்ணி மேல மெதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா அதுக்குக் கீழ சுமார் நாப்பது அடிக்கு நல்ல தண்ணி தாங்கும், கைபன், ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு பேரு இத கண்டுபுடிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுல பயங்கரம் என்னன்னா திருப்பிப் போட்டாலும் அதே கணக்குதான். நீங்க எறைச்சு எறைச்சு மேல ஒரு அடி எறக்கினா காலப்போக்குல கீழேர்ந்து உப்பு நாப்பது அடி ஏறி வரும். ஆழமா போற போர் நேரா அந்த உப்புக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுது. தெருவுல எல்லாரும் உறிஞ்சறோம். அப்ப மேலாக ஊறி நிக்கற உறைகிணறுதான் கடலோரத்துக்கு ஏத்த கிணறு, ஊர்ல பெரியவங்க பதினஞ்சு இருபது அடிக்கு மேல தோண்டாம நிறுத்தினதுக்குக் காரணம் இருந்திருக்கு.

போர் மோட்டார கழட்டி, பைப்ப மேல தூக்கி, வாய இறுக்கி மூடியாச்சு. அதுக்கு அன்னைலேர்ந்து வேலையே இல்ல. அப்புறம் கிணத்து மோட்டாருக்கு ஒரு டைமர், இருபது நிமிஷம் ஓடும், ரெண்டு மணி நேரம் நிக்கும், ராத்திரில ஓடாது. மெதுவா எடுத்தா மெதுவா ஊறும். கிணறு வேலை மொத்தம் 31,500 ரூபா.

ஸ்லாப்பு வேலை ஜூன் கடைசில தொடங்கி பத்தொன்பது நாள். மேஸ்திரி ஒருத்தரு, கூட ரெண்டு பேரு.

மொதல்ல முட்டு. சவுக்கு கம்பு எட்டு நிறுத்தி மேல பலகை குடுத்து ஸ்லாப்ப தாங்க வெச்சுட்டுதான் கொத்தவே ஆரம்பிச்சோம். பிரேக்கர் மெஷின் வேணாம்னு மாமா கறாரா சொல்லிட்டாரு, நாலரை இஞ்ச் ஸ்லாப்பு, அதிர்ச்சில நல்ல எடமும் விட்டுப் போகும், உளியும் சுத்தியலும்தான். கொத்தறதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கம்பியோட வயிறு தெரியற வரைக்கும் கொத்தி நிறுத்தக் கூடாது, கம்பிக்குப் பின்னாடி ஒரு விரல் போய் வர்ற அளவுக்கு எடுக்கணும், ஏன்னா துரு முதுகுலயும் இருக்கும். ரெண்டாவது, துரு முடியற எடத்துல நிறுத்தாம சுத்தமான கம்பி தெரிஞ்ச பிறகும் ரெண்டு இஞ்ச் தாண்டிப் போகணும். கொத்தினதுல 38 சதுர அடி 46 ஆச்சு.

கம்பிய ஒயர் பிரஷால தேய்ச்சு வெள்ளை வந்ததும் வெர்னியர் வெச்சு அளந்தோம். 8 எம்எம் கம்பி, நாலு எடத்துல 6 எம்எம் தான் இருந்துது. மேஸ்திரி "ரெண்டு எம்எம் தானே யக்கா போயிருக்கு"ன்னாரு. மாமா கணக்கு போட்டுக் காட்டினாரு, விட்டம் எட்டுலேர்ந்து ஆறுக்கு வந்தா பரப்பளவுல 44 சதவீதம் போச்சு, கிட்டத்தட்ட பாதி கம்பி இல்ல. அந்த நாலு எடத்துலயும் புதுக் கம்பி பக்கத்துல வெச்சு, நல்ல கம்பியோட ரெண்டு பக்கமும் பதினாறு இஞ்ச் ஒட்டி ஓடற மாதிரி கட்டினோம்.

அப்புறம் கழுவறது. இதுக்குத்தான் கிணறு மொதல்ல வேணும்னு சொன்னது. கொத்தின எடம் பூரா பிரஷர் வாஷர்ல கிணத்துத் தண்ணிய அடிச்சு அடிச்சு மூணு நாள், நாளைக்கு ரெண்டு தடவ கழுவினோம், சொட்டற தண்ணிய தட்டுல புடிச்சு மீட்டர்ல பாப்பேன். மொத நாள் 2,600. மூணாவது நாள் சாயங்காலம் 800க்கு வந்துது. உள்ள ஆழமா ஊறின உப்பு இதுல போயிடாது, அது எனக்கும் தெரியும், ஆனா மேலாக ஒட்டினது போகாம புதுசா பூசறதுக்கு அர்த்தமே இல்ல.

இங்க ஒரு சிக்கல் வந்துது, கொஞ்சம் நிதானமா சொல்லணும். 46 சதுர அடிய சுத்தமா பூசிட்டா, பூசின எடத்துல கம்பி பத்திரமாயிடும், ஆனா அதே கம்பி பக்கத்துல பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள்ளயும் ஓடுது இல்லயா, அப்ப பாட்டரி மாதிரி ஆயி, துரு பூரா பேட்ச்சோட ஓரத்துக்கு மாறிடும். ரெண்டு மூணு வருஷத்துல பேட்ச்ச சுத்தி மோதிரம் போட்ட மாதிரி புதுசா வெடிக்கும். 2021 பேட்ச்சு அவ்ளோ சீக்கிரம் போனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு மாமா சொன்னாரு. இதுக்கு ஜிங்க் ஆனோடுன்னு ஒரு சின்ன கட்டி வருது, சோப்புக் கட்டி சைஸ், உள்ள துத்தநாகம், ரெண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும், ஸ்லாப்பு கம்பியோட முறுக்கிக் கட்டிட்டா இரும்புக்கு பதிலா அது கரையும். ஒண்ணு தொள்ளாயிரம் ரூபா, பதினாலு வேணும். மேஸ்திரிக்கு அதுல நம்பிக்கையே இல்ல, அவ்ளோ காச கொண்டு போய் சுவத்துக்குள்ள பொதைக்கறீங்களேன்னாரு.

அப்ப ஆயாவோட பேரன் அங்க நின்னுக்கிட்டு இருந்தான், ஃபைபர் படகு ஓட்டறவன். கட்டிய கைல வாங்கி உருட்டிப் பாத்துட்டு, "மேஸ்திரி, எங்க எஞ்சினுக்கு அடியில இதே தாண்ணே இருக்கும். தண்ணிக்குள்ள நிக்கற எடத்துல ஜிங்க்கு ஒண்ணு போல்ட்டு போட்டுருப்பான். அது கரைஞ்சு கரைஞ்சு மெழுகுவத்தி மாதிரி ஆயிரும், எஞ்சினு அப்படியே இருக்கும். அது தீந்தது தெரியாம ஓட்டினா அப்புறம் எஞ்சினு கரையும்"னான். மேஸ்திரி ஒண்ணும் பேசல, கட்டிய வாங்கி கட்ட ஆரம்பிச்சாரு. நானும் இத்தன வருஷம் இந்த ஊர்ல வீடு வெச்சிருக்கேன், உப்போட எப்படி வாழறதுன்னு தெரிஞ்சவங்க சுவத்துக்கு அந்தப் பக்கமே இருந்திருக்காங்க, ஒரு நாள் கூட கேக்கல.

பேட்ச்சோட ஓரமா ரெண்டு அடிக்கு ஒண்ணு கட்டினோம். கட்டற எடத்துல கம்பி பளபளன்னு வெறும் இரும்பா இருக்கணும், பெயிண்ட் கூடாது. கட்டினதும் மீட்டர் வெச்சு கரண்ட் ஓட்டம் இருக்கான்னு பாத்துக்கணும், ரெண்டு கட்டி சரியா தொடாம இருந்துது, அவுத்துக் கட்டினோம்.

பூசினதுக்கு வீட்டுல சிமெண்ட் மணல் கலக்கல, ரிப்பேர் மார்ட்டர்னே பையில வர்றது வாங்கினோம். பழைய கான்கிரீட்ட முந்தின ராத்திரியே நனைச்சு ஊற வெச்சு, காலைல மேல தண்ணி மினுக்காம இருக்கும்போது பூசணும். தலைக்கு மேல பூசற வேலைல ஒரே தடவைல கனமா அப்பினா சொந்த எடைலயே விழுந்துரும், அதனால அரை இஞ்ச் அரை இஞ்சா, ஒவ்வொரு பூச்சையும் கரணையால கீறி விட்டு அடுத்தது. கவர் மொத்தம் 30 எம்எம் வந்துது. 45 கொண்டு வரணும்னா எடை கூடும், இந்த ஸ்லாப்புக்கு அது வேணாம்னு மாமா சொல்லிட்டாரு, அதுக்கு பதிலா கடைசில வெளிப்புறம் பூரா உப்பும் ஈரமும் உள்ள போகாத கோட்டிங் ரெண்டு கை. பூசினதுக்கு மூணு நாள் ஈர சாக்க பலகையால தூக்கிப் புடிச்சு கட்டி வெச்சோம், கிணத்துத் தண்ணிலதான், அந்த மூணு நாளும் நான் அங்கயே தங்கி ராத்திரி பதினோரு மணிக்கும் எழுந்து நனைச்சேன். ஸ்லாப்புக்கு மட்டும் 96,000 ஆச்சு. 2021ல இதையே பண்ணிருந்தா பாதில முடிஞ்சிருக்கும்.

அதோட வேற ரெண்டு மூணு வேலையும் பாத்தோம். ஜன்னல் கிரில் ஸ்குரூ, கதவு கீல் எல்லாம் எஸ்எஸ் 304ன்னு வாங்கிப் போட்டது டீ கறை மாதிரி பழுப்படிச்சு கெடந்துது, வெளிப்பக்கம் மட்டும் 316க்கு மாத்தினேன், அதுல மாலிப்டினம் சேந்திருக்கும், கடல் காத்துக்கு தாங்கும், வெலை கூடத்தான். ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு பேரன் சொன்ன வைத்தியம்தான். கடலுக்குப் போயிட்டு வந்த எஞ்சினுக்கு அவங்க நல்ல தண்ணி ஓட்டிக் கழுவுவாங்களாம், அதே மாதிரி பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ மெயின ஆஃப் பண்ணிட்டு நல்ல தண்ணில மெதுவா கழுவறோம். முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு ஒரு காயில் போச்சு. கழுவ ஆரம்பிச்சதுலேர்ந்து எதுவும் மாத்தல.

வாடகை விடற முறையையும் மாத்த வேண்டியதா போச்சு. ஒரு பதினெட்டு அடி கிணறு எவ்ளோ குடுக்குமோ அவ்ளோ பேருதான் தங்க முடியும், அதனால எட்டுப் பேர ஆறாக் கொறைச்சேன். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் வெள்ளி, சனி ராத்திரி மட்டும், மிச்ச அஞ்சு நாள் கிணறு ஊற விடறேன். லாரித் தண்ணி வாங்கி நிரப்பலாமேன்னு கேக்கறாங்க, அதுவும் வேற ஏதோ ஊரு கிணத்துத் தண்ணிதான், எனக்கு மனசு வரல. வருமானம் வருஷத்துக்கு கால் பங்கு கொறைஞ்சுது, உண்மையச் சொல்றேன். ஆனா தண்ணி நல்லா இருக்குன்னு வர்றவங்களே எழுதறாங்க, அதப் பாத்து திரும்ப வராங்க. வர்றவங்களுக்கு வீட்டுக்குள்ள நுழையறப்பவே கிணத்தக் காட்டி, குளிக்கற தண்ணி இதுதான்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் யாரும் கொழாய தொறந்து விட்டுட்டுப் போறதில்ல, முக்கியமா குழந்தைங்க.

அப்புறம் மாடித் தண்ணி. தமிழ்நாட்டுல 2003லயே எல்லா வீட்டுக்கும் மழநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்துது, எங்க வீட்டுலயும் பைப்பு இருந்துது, அது நேரா தெரு சாக்கடைக்குப் போய்க்கிட்டு இருந்துது. மாடி 900 சதுர அடி, சென்னைப் பக்கம் வருஷத்துக்கு சுமார் 1,400 எம்எம் மழ, பெருக்கிப் பாத்தா ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. பைப்ப திருப்பி, கிணத்துக்குப் பக்கத்துல ஒரு குழி எடுத்து ஜல்லி, மணல் போட்டு அதுல விட்டோம். மாடி மேல பூரா உப்பும் காக்கா எச்சமும் இருக்கும்ங்கறதால ஒரு வால்வு வெச்சிருக்கோம், சீசனோட மொத மழத்தண்ணி வெளிய போயிடும், ரெண்டாவது மழலேர்ந்துதான் உள்ள. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைல குழி நெறைஞ்சு வழியல, அவ்வளவும் மணல் குடிச்சுது. ஜனவரில கிணத்துத் தண்ணி மீட்டர்ல 540.

தெருவுல பேசினோம். எதிர் வீட்டுக்காரரும் கோடி வீட்டம்மாவும் உறைகிணறு எறக்கிட்டாங்க, நீச்சல் குளம் வெச்சிருக்கறவங்கள்ல ஒருத்தரு மாடித் தண்ணிய மண்ணுக்குள்ள விடறதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாரு. மத்தவங்ககிட்ட இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். நான் போர மூடினா மட்டும் பத்தாது, பக்கத்துல பத்து போர் ஓடினா என் கிணத்துக்கு அடியிலயும் உப்பு ஏறும், ஆயா வீட்டுக் கிணத்துக்கு அடியிலயும் ஏறும். நாங்க வாரக்கடைசிக்கு வர்றவங்க, அவங்களுக்கு அதுதான் தெனமும் சமைக்கற தண்ணி.

பொங்கலுக்கு ஆயா ஒரு குடம் எடுத்துக்கிட்டுப் போனாங்க, அவங்க மோட்டார் ரிப்பேரு. சாயங்காலம் மருமக கிட்ட ஒரு சொம்பு சாம்பார் குடுத்து அனுப்பினாங்க, பருப்பு மசிய வெந்திருந்துது.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்துது, புதுச்சேரி பக்கம் கரையக் கடந்தாலும் எங்களுக்கு ரெண்டு நாள் நல்ல அடி. வெயில் வந்ததும் ஏணி போட்டு சீலிங் பூரா சுத்தியலால தட்டினேன், இப்ப எனக்கே காது பழகிடுச்சு. பேட்ச்சு பூரா டிங்குனு கேக்குது, ஓரத்துலயும். பின்பக்கம் பாத்ரூம் ஜன்னலுக்கு மேல இருக்கற சன்ஷேட்ல மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு டொக்குனு கேட்டுது. சாக்பீஸால கோடு போட்டு தேதி எழுதிருக்கேன், வாடைக்காத்து அடங்கினதும் மேஸ்திரி வராரு, ஆனோடு நாலு வாங்கி வெச்சாச்சு.